ஒளிபடர்ந்த பாதை

நுழையும்முன்

ஒரு விளையாட்டில் சிறந்தவர் யார் என்பதைக் கடிகாரமும் அளவுநாடாவும் சொல்லிவிடும். எல்லா விளையாட்டுகளையும் ஒருசேர வைத்து, அவற்றுள் தலைசிறந்த வீரர் யார் என வினவினால் விடை கூறுவது அரிது. ஓடுபவரையும் எறிபவரையும் பந்தாடுபவரையும் எந்தத் தராசில் நிறுப்பது? ஆயினும் அவ்வினா எழும்போதெல்லாம் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தவறாது இடம்பெறும் பெயர் ஒன்றுண்டு. அப்பெயருக்கு உரியவர் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். ஓராண்டு முடிவதற்குள் அவற்றை இழந்தார்.

அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலப்பகுதி, இன்று ஓக்லஹோமா மாநிலமாக உள்ளது. அங்கே 1887ஆம் ஆண்டு மே மாதத்தில் சாக்-ஃபாக்ஸ் குடியைச் சேர்ந்த குடும்பமொன்றில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தனர். ஒருவர் சார்லி, மற்றவர் ஜிம் தோர்ப். தாய் ஜிம்முக்குத் தம் குடிவழக்கப்படி இட்ட பெயர் வா-தோ-ஹக் என்பதாகும். ஒளிபடர்ந்த பாதை என்பது அதன் பொருள். தந்தை ஹைரம் வேட்டையிலும் குதிரையேற்றத்திலும் மற்போரிலும் வல்லவர். காட்டிலும் ஆற்றங்கரையிலும் தந்தையின் பின்னே நாள்முழுதும் நடந்தும் ஓடியும் பழகிய கால்களே பின்னாளில் உலகை வியக்கவைத்தன. அவருடைய முதல் பயிற்சிக்களம் அதுவே எனலாம்.

அக்குடியினரின் பொதுநிலம் துண்டுகளாக்கப்பட்டு, எஞ்சிய பரப்பு 1891இல் வெள்ளையர் குடியேற்றத்திற்குத் திறந்துவிடப்பட்டது. தம் மண்ணிலேயே சிறுபான்மையினராக மாறிக்கொண்டிருந்த மக்களின் நடுவே ஜிம் வளர்ந்தார். ஒன்பது வயதளவில் இரட்டைச் சகோதரன் சார்லி நுரையீரல் அழற்சியால் இறந்தான். விளையாட்டுக்கும் பள்ளிக்கும் உடன்வந்த துணை நீங்கியபின் ஜிம்முக்குப் பள்ளி கசந்தது. பலமுறை ஓடிவந்தார். கேன்சஸ் மாநிலத்தின் ஹாஸ்கெல் பள்ளிக்கு அனுப்பப்பட்டபோதும் அங்கிருந்து வெளியேறி வீடு திரும்பினார். தாயும் மறைந்தார். இறுதியாக 1904இல், ஓடிவர இயலாத தொலைவிலிருந்த பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்குச் சேர்ந்த சிறிது காலத்தில் தந்தையும் இறந்தார்.

கார்லைல் பள்ளி

கார்லைல் பள்ளியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். பழைய படைவீரர் குடியிருப்பொன்றில் 1879இல் ரிச்சர்டு ஹென்றி பிராட் என்னும் படையதிகாரியால் அது தொடங்கப்பட்டது. பூர்வகுடிச் சிறார்களை அவர்தம் பெற்றோரிடமிருந்து பிரித்து, வெள்ளையரைப் போல் ஆக்குவதே அதன் நோக்கம். சேர்ந்த அன்றே முடி வெட்டப்படும். குடிப்பெயர் நீக்கப்பட்டு ஆங்கிலப்பெயர் சூட்டப்படும். தாய்மொழியில் பேசினால் தண்டனை கிடைக்கும். நோயுற்று மாண்ட சிறார்களின் கல்லறைகள் பள்ளி வளாகத்திலேயே இருந்தன. மொழியைப் பறித்துக் கல்வியை வழங்குவதாகச் சொல்லிக்கொண்ட அந்நிறுவனம்தான் தோர்ப்புக்கு விளையாட்டுக் களத்தையும் தந்தது. அவர் வாழ்வில் இத்தகைய முரண்கள் பல.

1907ஆம் ஆண்டின் ஒரு நாள், பள்ளித் தடகள வீரர்கள் உயரம் தாண்டப் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். ஐந்தடி ஒன்பது அங்குல உயரத்தை அவர்களால் தாண்ட இயலவில்லை. அவ்வழியே வந்த தோர்ப், உடுத்தியிருந்த வேலைக்கால உடையுடனேயே அதனைத் தாண்டிவிட்டு நடந்து சென்றார் எனக் கூறப்படுகிறது. செய்தி பயிற்றுநர் பாப் வார்னரை எட்டியது. அன்றுமுதல் தோர்ப் பள்ளி அணியின் வீரரானார்.

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்தினின்றும் வேறுபட்டது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் தடுப்பைப் பிளந்து ஓடும் வலிமையான ஆட்டம் அது. 1911இல் புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழக அணியைக் கார்லைல் 18க்கு 15 என்னும் புள்ளிக் கணக்கில் வீழ்த்தியது. காயமுற்ற காலில் கட்டுடன் ஆடிய தோர்ப், நான்கு முறை பந்தை உதைத்துக் கம்பங்களுக்கிடையே செலுத்தினார். அடுத்த ஆண்டு வெஸ்ட் பாயிண்ட் படைத்துறைக் கல்லூரி அணியையும் 27க்கு 6 எனக் கார்லைல் வென்றது. பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான டுவைட் ஐசனோவர் அன்று தோற்ற அணியில் ஆடியவர். பூர்வகுடி மக்கள் அமெரிக்கப் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்ட வூண்டட் நீ நிகழ்வு நடந்து 22 ஆண்டுகளே ஆகியிருந்தன. படையினரின் பிள்ளைகளும் அப்படையால் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளும் ஒரே களத்தில் சமமாக நின்ற அந்நாளின் பொருளைப் பார்வையாளர் உணராமல் இருந்திருக்க இயலாது.

ஸ்டாக்ஹோம், 1912

அவ்வாண்டின் கோடையில் சுவீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. பென்டத்லான் எனப்படும் ஐந்துவகைப் போட்டியிலும் டெக்கத்லான் எனப்படும் பத்துவகைப் போட்டியிலும் தோர்ப் கலந்துகொண்டார். அப்போது அவர் அமெரிக்காவின் பெயரால் ஓடினாரேயன்றி, அந்நாட்டின் பூர்வகுடியினர் அனைவருக்கும் குடியுரிமை இருக்கவில்லை. அதனை வழங்கிய சட்டம் 1924இல்தான் வந்தது.

நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், 200 மீட்டர் ஓட்டம், வட்டு எறிதல், 1500 மீட்டர் ஓட்டம் ஆகிய ஐந்தும் பென்டத்லானில் அடங்கும். ஈட்டி எறிதல் தவிர ஏனைய நான்கிலும் தோர்ப் முதலிடம் பெற்றார். டெக்கத்லான் மூன்று நாள்கள் நீண்டது. அதனிடையே அவருடைய காலணிகள் காணாமற்போயின. தேடிப்பிடித்த இரண்டு காலணிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. ஒன்று பெரிதாக இருந்தமையால் கூடுதல் காலுறை அணிந்து அதனை நிரப்பிக்கொண்டார் என்பர். இருவேறு காலுறைகளும் இருவேறு காலணிகளுமாக அவர் நிற்கும் ஒளிப்படம் இன்றும் உள்ளது. அப்படத்தில் அவருடைய முகத்தில் கவலையின் சுவடே இல்லை.

குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 110 மீட்டர் தடைதாண்டும் ஓட்டம், 1500 மீட்டர் ஓட்டம் ஆகியவற்றில் அவரே முதல்வர். குண்டு எறியும் உடல்வாகு வேறு, நெடுந்தொலைவு ஓடும் உடல்வாகு வேறு என்பதை விளையாட்டுப் பயில்வோர் அறிவர். ஒருவரிடமே இரண்டும் அமைவது மிக அரிது. பத்துப் போட்டிகளின் நிறைவில் தோர்ப் பெற்ற புள்ளிகள் 8,412. இரண்டாம் இடம் பெற்ற சுவீடன் வீரர் ஹூகோ வீஸ்லாண்டரைவிட ஏறத்தாழ 700 புள்ளிகள் மிகுதி. பரிசளித்த சுவீடன் மன்னர் ஐந்தாம் குஸ்தாவ், உலகின் தலைசிறந்த வீரர் எனத் தோர்ப்பைப் பாராட்டினார். நியூயார்க் நகரின் பிராட்வே வீதியில் திரண்ட மக்கள் ஆரவாரத்துடன் அவரை வரவேற்றனர்.

பறிக்கப்பட்ட பதக்கங்கள்

1913ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு நாளிதழ் செய்தியொன்றை வெளியிட்டது. 1909, 1910ஆம் ஆண்டுகளின் கோடையில் வட கரோலினாவின் சிற்றூர் அணியில் தோர்ப் சிறுதொகை பெற்றுக்கொண்டு பேஸ்பால் ஆடினார் என்பதே அச்செய்தி. ஊதியம் பெற்று ஆடியோர் ஒலிம்பிக்கில் பங்கேற்கக் கூடாது என்பது அன்றைய விதி. செல்வர்களின் பொழுதுபோக்காக விளையாட்டு இருந்த காலத்தில், உழைத்துப் பிழைப்போரை விலக்கி வைக்க உருவான விதி அது. கல்லூரி மாணவர் பலர் கோடை விடுமுறையில் பொய்ப்பெயரில் பணத்திற்கு ஆடிவந்தனர். தோர்ப் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார். மறைக்கவேண்டிய குற்றம் என அவர் கருதவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

விளையாட்டுச் சங்கத்திற்கு அவர் எழுதிய மடலில் உண்மையை ஒப்புக்கொண்டார். உலக நடைமுறை அறியாத பள்ளி மாணவனாக இருந்ததையும், பணத்திற்காகவன்றி ஆட்டத்தின் மீதான விருப்பத்தால் ஆடியதையும் குறிப்பிட்டார். பயிற்றுநர் வார்னரோ, தமக்கு ஏதும் தெரியாது எனக் கூறிவிட்டார். அவர் அறிந்தே இருந்தார் என வரலாற்றாய்வாளர் பலர் கருதுகின்றனர். பதக்கங்களும் பரிசுப் பொருள்களும் திருப்பி அனுப்பப்பட்டன. ஏடுகளிலிருந்து தோர்ப்பின் பெயர் நீக்கப்பட்டது. பென்டத்லான் தங்கம் நார்வே வீரர் ஃபெர்டினான்ட் பீக்கும், டெக்கத்லான் தங்கம் வீஸ்லாண்டருக்கும் உரியதாக அறிவிக்கப்பட்டது. உண்மையான வெற்றியாளர் தோர்ப்பே என்னும் எண்ணத்தை வீஸ்லாண்டர் கைவிடவில்லை.

விதியை மீறியதாகத் தண்டித்தவர்களே இன்னொரு விதியை மறந்தனர். வீரர் ஒருவரின் தகுதி குறித்த முறையீடு, போட்டிகள் முடிந்து 30 நாள்களுக்குள் அளிக்கப்பட வேண்டும் என ஸ்டாக்ஹோம் போட்டிகளின் விதிநூல் வரையறுத்திருந்தது. முறையீடு எழுந்ததோ ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழித்து. அதனைச் சுட்டிக்காட்டித் தோர்ப்புக்காக வாதிட அன்று எவருமில்லை.

பின்னர் அவர் ஊதியம் பெறும் ஆட்டக்காரரானார். 1913 முதல் 1919 வரை நியூயார்க் ஜெயன்ட்ஸ் உள்ளிட்ட பெரும் பேஸ்பால் அணிகளில் 289 ஆட்டங்கள் ஆடினார். கான்டன் புல்டாக்ஸ் என்னும் கால்பந்து அணிக்கும் அவரே நாயகர். 1920இல் தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒன்று உருவானபோது அதன் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்று கோடிக்கணக்கான டாலர் புழங்கும் அமெரிக்கத் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அதன் வளர்ச்சியே. 1922இல் பூர்வகுடி வீரர்கள் மட்டுமே கொண்ட ஊராங் இந்தியன்ஸ் அணியை நடத்தினார். அதன் உரிமையாளர் நாய்ப்பண்ணை வைத்திருந்தவர். தம் நாய்களுக்கான விளம்பரமாகவே அணியைக் கருதினார். ஆட்ட இடைவேளையில் வீரர்கள் நாய்களுடன் வேடிக்கை காட்டவேண்டியிருந்தது. ஒலிம்பிக் நாயகரின் அணிக்கு நேர்ந்த நிலை அது.

1928இல் தம் நாற்பதுகளின் தொடக்கத்தில் களத்தைவிட்டு விலகினார். அடுத்த ஆண்டே பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. கலிபோர்னியாவில் மண்வெட்டும் கூலி வேலை செய்தார். திரைப்படங்களில் சிறு வேடங்கள் ஏற்றார். பூர்வகுடி வேடங்களைப் பூர்வகுடியினருக்கே தரவேண்டும் என்று திரைத்துறையில் குரல் கொடுத்தார். மதுப்பழக்கம் அவரை நலித்தது; மணவாழ்வும் முறிந்தது. 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலேயே ஒலிம்பிக் நடந்தபோது நுழைவுச்சீட்டு வாங்கும் வசதி அவருக்கில்லை. செய்தி பரவியதும், பூர்வகுடி மரபில் வந்த துணைக் குடியரசுத் தலைவர் சார்லஸ் கர்ட்டிஸ் அவரைத் தம்முடன் அமரச் செய்தார். அரங்கம் எழுந்து நின்று கையொலி எழுப்பியது.

1950இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விளையாட்டு எழுத்தாளர்களிடம் வாக்கெடுத்தபோது, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தலைசிறந்த வீரர் ஜிம் தோர்ப்பே என முடிவாயிற்று. பேஸ்பால் மேதை பேப் ரூத் அவருக்கு அடுத்த இடமே பெற்றார். பதக்கங்களை மட்டும் எவரும் திருப்பித் தரவில்லை. ஸ்டாக்ஹோமில் அவருடன் போட்டியிட்டுத் தோற்ற ஏவரி பிரண்டேஜ், 1952 முதல் இருபதாண்டுகள் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தார். தோர்ப்புக்கு ஆதரவான கோரிக்கைகளுக்கு அவர் இடங்கொடுக்கவில்லை. 1953 மார்ச் 28 அன்று கலிபோர்னியாவின் லோமிட்டாவில் மாரடைப்பால் தோர்ப் இறந்தார்.

விதிநூல் கிடைத்தது

எழுத்தாளர் ராபர்ட் வீலரும் அவர் மனைவி ஃபுளோரன்ஸ் ரிட்லனும் தோர்ப்பின் வழக்கை மீண்டும் கையிலெடுத்தனர். 1912ஆம் ஆண்டு விதிநூலை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ரிட்லன் தேடிக் கண்டெடுத்தார். நூலடுக்கின் பின்னே விழுந்து கிடந்த அச்சிறு நூல், 30 நாள் வரையறையை உறுதிசெய்தது. 1982இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு தோர்ப்பை வெற்றியாளராக ஏற்றது. மறு ஆண்டு ஜனவரியில் பதக்கங்களின் மறுபடிகள் அவர்தம் பிள்ளைகளிடம் அளிக்கப்பட்டன. மூலப்பதக்கங்கள் அருங்காட்சியகங்களிலிருந்து முன்பே களவாடப்பட்டிருந்தன. அப்போதும் அவர் இணை வெற்றியாளராகவே குறிக்கப்பட்டார். வீஸ்லாண்டரின் குடும்பத்தாரும் சுவீடன், நார்வே விளையாட்டு அமைப்புகளும் இசைவளித்தபின், 2022 ஜூலை 15 அன்று இரு போட்டிகளின் தனி வெற்றியாளர் அவரே என அறிவிக்கப்பட்டது. டெக்கத்லான் நிறைவுற்ற நாளிலிருந்து சரியாக 110 ஆண்டுகள் கழிந்திருந்தன.

மற்றொரு வழக்கு அவ்வாறு முடியவில்லை. தோர்ப் இறந்தபின் ஓக்லஹோமாவில் குடிவழக்கப்படி இறுதிச்சடங்கு நடந்துகொண்டிருந்தபோதே அவருடைய மூன்றாம் மனைவி உடலை எடுத்துச் சென்றார். வருவாய் குன்றியிருந்த பென்சில்வேனியச் சிற்றூர்கள் இரண்டு, நினைவிடம் அமைத்து அவர் பெயரையே தாங்குவதாக உறுதியளித்தன. 1954இல் அவை இணைந்து ஜிம் தோர்ப் என்னும் ஊராயின. உடலைத் தாய்மண்ணுக்குக் கொண்டுசெல்ல மகன்களும் குடியினரும் தொடுத்த வழக்கை 2015இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கவில்லை. வா-தோ-ஹக் தம் வாழ்வோடு தொடர்பற்ற அவ்வூரிலேயே, பாதியில் நின்ற சடங்கோடு, இன்றும் அடக்கமாகியுள்ளார்.