நூலிழையில் தவறிய செல்வம்

குரோம்ப்டன் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது மின்விசிறி. அந்தப் பெயருக்கு உரியவர் 1940 வரை வாழ்ந்த ரூக்ஸ் குரோம்ப்டன் என்ற மின்பொறியாளர். நான் இங்கே எழுதப்போவது அவரைப் பற்றியல்ல. அவர் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட சாமுவேல் குரோம்ப்டன் என்பவரைப் பற்றி. பொருளாதார வரலாறு கற்பித்த ஆண்டுகளில் ஜேம்ஸ் வாட்டுக்கும் ஆர்க்ரைட்டுக்கும் ஒரு முழு வகுப்பை ஒதுக்குவோம். குரோம்ப்டனுக்கு ஒரு வரி போதும் என்று பாடநூல்கள் முடிவு செய்திருந்தன. எனக்கு அந்த ஒரு வரி எப்போதும் போதாததாகவே இருந்தது.

பழைய இயந்திரங்கள்மீது பிரிட்டிஷ் மக்களுக்கு உள்ள பற்று அலாதியானது. கைவிடப்பட்ட நீராவி ரயில்களைத் தொண்டர்கள் பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள். 1784-இல் கட்டப்பட்ட குவாரி பேங்க் என்ற பஞ்சாலை இன்று அருங்காட்சியகமாகப் பராமரிக்கப்படுகிறது. அங்கெல்லாம் பார்வையாளர்களை நிற்கவைக்கும் இயந்திரங்களில் ஒன்று மியூல். நூற்றுக்கணக்கான கதிர்களைச் சுமந்த நீண்ட வண்டி ஒன்று தண்டவாளத்தில் மெல்ல முன்னோக்கி நகர்கிறது. நகரும்போதே பஞ்சுத் திரியை இழுத்து முறுக்கேற்றுகிறது. திரும்பி உள்ளே போகும்போது முறுக்கிய நூலைச் சுற்றிக்கொள்கிறது. பார்க்க அழகுதான். ஆனால், மசகெண்ணெய் மணக்கும் அந்த ஏக்கத்தில், இந்த இயந்திரத்தால் யார் பெற்றார், யார் இழந்தார் என்ற கணக்கு காணாமல் போய்விடுகிறது.

சாமுவேல் குரோம்ப்டன் 1753 டிசம்பர் 3 அன்று லங்காஷயரில், போல்டன் நகருக்கு அருகே பிறந்தார். குடும்பம் விரைவில் ‘ஹால் இ தி வுட்’ என்ற பழைய மாளிகையின் ஒரு பகுதிக்கு வாடகைக்குக் குடிபெயர்ந்தது. சிறு வயதிலேயே தந்தை இறந்தார். கண்டிப்பான தாய், மகனை நூற்கவும் நெய்யவும் பழக்கினார். நாள்தோறும் இவ்வளவு நூல் என்று கணக்கு உண்டு. ஹார்கிரீவ்ஸின் ஜென்னி இயந்திரத்தில் நூற்ற அந்தச் சிறுவனுக்கு, அடிக்கடி அறுந்துபோகும் இழையை ஒட்டுவதிலேயே பொழுது கழிந்தது.

ஜென்னியின் நூல் மெலிந்தது, வலுவற்றது. ஊடைக்கு மட்டுமே உதவும். ஆர்க்ரைட்டின் நீர்விசை இயந்திரம் உருளைகளால் இழுத்து நூற்றது. அந்த நூல் வலுவானது, பாவுக்கு ஏற்றது, ஆனால் முரடு. மஸ்லின் போன்ற மெல்லிய துணிக்கு இரண்டுமே பயன்படவில்லை. குரோம்ப்டன் ஆர்க்ரைட்டின் உருளைகளையும் ஜென்னியின் நகரும் வண்டியையும் ஒன்றாக இணைத்தார். இரண்டு இனங்களின் கலப்பு என்பதால்தான் அதற்குக் கோவேறு கழுதையைக் குறிக்கும் மியூல் என்ற பெயர் நிலைத்தது. ஐந்து ஆண்டு இரவுகள் அதற்குச் செலவாயின. போல்டன் நாடக அரங்கில் வயலின் வாசித்துச் சம்பாதித்த காசில் கருவிகள் வாங்கினார். 1779-இல் வேலை முடிந்த நேரத்தில் லங்காஷயரில் இயந்திர உடைப்புக் கலவரம் மூண்டது. மியூலைப் பிரித்துப் பரணில் ஒளித்துவைத்தார்.

நூலின் நயத்தை எண்ணால் குறிப்பார்கள்: ஒரு ராத்தல் எடைக்கு 840 கெஜச் சிட்டம் எத்தனை என்பதே அந்த எண். 40-ஆம் எண் நூலுக்கு அவருக்கு ராத்தலுக்கு 14 ஷில்லிங் கிடைத்தது. 60-ஆம் எண்ணுக்கு 25. சிறிதளவே நூற்ற 80-ஆம் எண்ணுக்கு 42. இங்கிலாந்தில் அத்தகைய நூலை நூற்கவே முடியாது என்று கருதியிருந்தவர்கள் மாளிகையைச் சூழ்ந்தார்கள். சன்னலுக்கு ஏணி வைத்து எட்டிப் பார்த்தவர்களும் உண்டு.

அவரிடம் காப்புரிமை பெறப் பணம் இல்லை. பணம் இருந்திருந்தாலும், உருளைகள் ஆர்க்ரைட்டின் காப்புரிமைக்குள் இருந்தன. இயந்திரத்தை வெளியிட்டால் வெகுமதி தருவதாக ஏறத்தாழ 80 உற்பத்தியாளர்கள் எழுத்து மூலம் உறுதியளித்தார்கள். ஆளுக்கு ஒரு கினி, அரை கினி என்று தொகை குறித்தார்கள். அவர் நம்பி ஒப்படைத்தார். இயந்திரம் கைக்கு வந்ததும் சிலர் கையெழுத்திட்ட தொகையையே தர மறுத்தார்கள். கிடைத்தது ஏறத்தாழ 60 பவுண்டு.

காப்புரிமை இல்லாததால்தான் மியூல் அவ்வளவு வேகமாகப் பரவியது என்று பொருளியலாளர்கள் சிலர் வாதிடுவார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால், பரவியதன் பயன் யாருக்குச் சேர்ந்தது என்பது வேறு கேள்வி. ஆர்க்ரைட்டின் காப்புரிமைகள் 1785-இல் நீதிமன்றத்தில் ரத்தாயின. அப்போதும் அவர் நஷ்டப்படவில்லை. மறு ஆண்டே ‘சர்’ பட்டம் பெற்றார். 1792-இல் இறந்தபோது பெருஞ்செல்வர். அவர் ஆலைகளை நிர்வகிக்கத் தெரிந்தவர். குரோம்ப்டன் கூச்சம் மிகுந்த கைவினைஞர். சந்தை அறிவுக்குக் கூலி தருவதில்லை, பேரம் பேசும் வலிமைக்கே தருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்தக் கணக்கில் நமக்கும் ஒரு பக்கம் உண்டு. 100 ராத்தல் பஞ்சை நூலாக்க இந்தியக் கைராட்டையில் 50,000 மணி நேர உழைப்பு தேவைப்பட்டதாகத் தொழில்நுட்ப வரலாற்றாசிரியர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். குரோம்ப்டனின் மியூலில் அது 2,000 மணி நேரம். 1825-இல் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் உருவாக்கிய தானியங்கி மியூலில் 135. மஸ்லினுக்கு இந்தியாவை எதிர்பார்த்திருந்த பிரிட்டன், சில பத்தாண்டுகளில் இந்தியாவுக்கே நூல் அனுப்பத் தொடங்கியது. நம் நெசவாளர்கள் மலிவான சீமை நூலை வாங்கித் தறியை ஓட்டித் தாக்குப்பிடித்தார்கள். வீட்டில் இருந்தபடி ராட்டை சுற்றிய பெண்களுக்கு, குறிப்பாக விதவைகளுக்கு, அந்த வழி இருக்கவில்லை. அறுந்த இழையை ஒட்டி அலுத்துப்போன ஓர் இளைஞர் இதை நினைத்திருக்க மாட்டார். அவருக்கே ஏதும் கிடைக்காதபோது அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை.

1811-இல், ஐம்பத்தேழு வயதில், அவர் ஒரு வியப்பான காரியம் செய்தார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து எங்கும் பயணம் செய்து ஆலை ஆலையாகக் கதிர்களை எண்ணினார். மியூல் கதிர்கள் 40 லட்சத்தைத் தாண்டின; ஆர்க்ரைட் முறைக் கதிர்கள் 3 லட்சத்துச் சொச்சம். அந்தக் காலத்தில் ஒரு தனிமனிதர் எடுத்த தொழில் கணக்கெடுப்பு இது. புள்ளியியல் படித்தவன் என்ற முறையில் அதற்காகவே அவரை வணங்கத் தோன்றுகிறது.

அந்த எண்களோடு நாடாளுமன்றத்தை அணுகினார். பிரதமர் பெர்சிவல் அவருக்கு உதவித்தொகை தர இசைந்திருந்தார். 1812 மே 11 மாலை, மக்களவை முன்கூடத்தில் பெர்சிவல் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசின்மீது சொந்த மனக்குறை கொண்ட ஒரு வணிகரே சுட்டவர். 20,000 பவுண்டு முன்மொழியும் குறிப்பு அப்போது பிரதமரிடம் இருந்தது என்றொரு செய்தி வழக்கில் உண்டு. அடுத்த மாதம் நாடாளுமன்றம் 5,000 பவுண்டு வழங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு முன், விசைத்தறி செய்த கார்ட்ரைட்டுக்கு அதே நாடாளுமன்றம் கொடுத்தது 10,000. இத்தனைக்கும் விசைத்தறி அன்று இன்னும் சரியாக ஓடத் தொடங்கவில்லை.

அந்தப் பணம் கடனிலும் மகன்களோடு தொடங்கிய சலவைத் தொழிலிலும் கரைந்தது. 1824-இல் நண்பர்கள் சந்தா திரட்டி ஆண்டுக்கு 63 பவுண்டு வருமாறு செய்தார்கள். 1827 ஜூன் 26 அன்று போல்டனில் இறந்தார்.

அதன் பிறகுதான் நகரத்துக்கு அவர்மீது பற்று வந்தது. அவர் வாழ்ந்த மாளிகையைச் சோப்பு வணிகர் வில்லியம் லீவர் வாங்கி நகருக்கு அளிக்க, அது 1902-இல் அருங்காட்சியகமானது. அவர் செய்த மியூல்களில் எஞ்சியிருக்கும் ஒன்றை நகர அருங்காட்சியகத்தில் காணலாம். அதற்கு முன்பே, 1862 செப்டம்பரில், நெல்சன் சதுக்கத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்று, லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்த ஆண்டு அது. அன்று குரோம்ப்டனின் மகன் ஜான் எழுபதைக் கடந்தவராய், வறுமையில் உயிரோடு இருந்தார். பிறகு பிரதமர் பாமர்ஸ்டன் அவருக்கு 50 பவுண்டு அனுப்பினார்.