கூடாரமின்றி நடந்த மூதாட்டி

மலைப்பாதையில் பல நாள் தன்னந்தனியாய் நடப்போருக்கு முதற் பகை முதுகுச் சுமையே. அதிலும் கூடாரம் பெருஞ்சுமை. சாரணியர் முகாமுக்குக் கித்தான் கூடாரம் தூக்கிச் சென்ற தங்கைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை! இன்று ஒருவர் மட்டும் படுக்கத்தக்க கூடாரத்தை நைலான் துணியில் ஒரு கிலோ எடைக்குள் தைத்துவிடுகிறார்கள். அவ்வசதி இல்லாத 1955-ஆம் ஆண்டில் 67 வயது மூதாட்டி ஒருவர், கூடாரமே வேண்டாமென்று ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர் நடந்தார். அவரே எம்மா கேட்வுட் அம்மையார்.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1887 அக்டோபர் 25 அன்று உழவர் குடும்பமொன்றில் எம்மா பிறந்தார். அவ்வீட்டில் பிள்ளைகள் 15 பேர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1907-இல், 19 வயதில், பி. சி. கேட்வுட் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டார். கணவர் கல்லூரி கண்டவர், ஆசிரியராய் இருந்தவர். ஊரார் கண்ணுக்குக் கண்ணியவான். வீட்டுக்குள்ளோ மணமான சில மாதங்களிலேயே அடி தொடங்கிவிட்டது. பதினொரு மக்களைப் பெற்று வளர்த்த அவ்வம்மையார், தாங்க முடியாத நாட்களில் அருகிலிருந்த காட்டுக்குள் போய்விடுவார். அங்கேதான் அவருக்கு அமைதி கிடைத்தது.

ஒரு நாள் பல் உடைந்து, விலா எலும்பு முறியும் அளவுக்கு அடி விழுந்தது. அன்று சிறைக்குக் கொண்டு போகப்பட்டவரோ அடித்தவரல்லர், எம்மா! அவருடைய முகத்தைக் கண்ட நகரத் தலைவர் மனம் பதறி, விடுவித்துப் பாதுகாப்பளித்தார். 1941-இல் மணவிலக்கு ஆயிற்று. திருமணத்தை அருட்சாதனமாகப் போற்றும் நமக்கு அது கசப்பான சொல்தான். ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடிபட்ட ஒருத்தியைக் குறை கூற என் மனம் இசையவில்லை.

பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழி சென்றபின், பழைய சஞ்சிகை ஒன்றில் அப்பலேச்சியன் நெடும்பாதையைப் பற்றிய கட்டுரை அவர் கண்ணில் பட்டது. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்களில் மலைமேல் செல்லும் பாதை அது. 1954-இல் மெய்னிலிருந்து புறப்பட்டார். வழி தவறிற்று, மூக்குக் கண்ணாடி உடைந்தது. வனக் காவலர்கள் தேடிப் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இத்தோல்வியை அவர் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

மறு ஆண்டு மே 3 அன்று ஜார்ஜியாவின் ஓகல்தார்ப் மலையில் மீண்டும் தொடங்கினார். கொஞ்சம் நடந்துவிட்டு வருவதாக மட்டும் மக்களிடம் கூறியிருந்தார். எவ்வளவு நடை என்பது அவர்களுக்குப் பல வாரங்கள் கழிந்த பின்னரே தெரிந்தது.

அவர் கொண்டு சென்றதைக் கேளுங்கள். முரட்டு நீலத் துணியில் தாமே தைத்த ஒரு பை. அதில் ஒரு கம்பளி, மழைச்சட்டை, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்று. அத்திரைதான் அவருக்கு மழையில் கூரை. தின்பதற்கு உலர்ந்த திராட்சை, வேர்க்கடலை, டப்பாவில் அடைத்த இறைச்சி. எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோவைத் தாண்டுவது அரிது. பையை முதுகில் கட்டாமல் ஒரு தோளில் போட்டுக்கொண்டார். காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூ; அதில் ஆறேழு ஜோடி தேய்ந்தன.

இரவில் வழிப்போக்கர் குடில் கிடைத்தால் அதில் படுப்பார். இல்லாவிடில் சருகுக் குவியல், மேசைக்கு அடி, முன்பின் அறியாதவர் வீட்டுத் திண்ணை. குளிர் மிகுந்தால் கற்களைச் சுடவைத்து அவற்றின்மேல் படுப்பார். திரை எப்போதும் போதியதாயிருந்தது என்று சொல்ல மாட்டேன். அவ்வாண்டு ஆகஸ்டில் கானி, டயான் என்ற இரு சூறாவளிகள் அடுத்தடுத்துப் பெருமழை கொட்டின, ஓடைகள் ஆறுகளாயின. நனைந்தபடியே நடந்தார்.

செப்டம்பர் 25 அன்று, 146-ஆம் நாள், கட்டாடின் மலையுச்சியை அடைந்தார். அப்பாதை முழுவதையும் தனியாக ஒரே பருவத்தில் நடந்து முடித்த முதல் பெண்மணி அவரே. 1957-இல் மறுபடியும் நடந்தார். மூன்றாம் முறை பகுதி பகுதியாக நடந்து 1964-இல் முடித்தார். இடையே 1959-இல் மிசௌரியிலிருந்து போர்ட்லாந்து வரை, அந்நாளைய குடியேறிகள் வண்டியில் சென்ற ஆரகன் வழியையும் காலால் அளந்தார்.

1973 ஜூன் 4 அன்று, 85 வயதில் காலமானார். ஓஹையோவின் ஹாக்கிங் குன்றுகளில் ஆண்டுதோறும் சனவரிக் குளிரில் ஒரு நடைப்பயணம் நடைபெறுகிறது. முதுமையிலும் முன்னே நின்று அவர் நடத்திச் சென்ற பயணம் அது. அங்குள்ள ஆறு மைல் பாதைக்குக் கேட்வுட் பாட்டியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.