எட்டுக்கால் பூச்சியாய் இருந்த ராஜா

இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி தமிழ் ஐயா சொன்னார். காந்தி, காமராசர், அப்துல் கலாம் எல்லாரையும் மற்றவர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். நான் கோச்செங்கட்சோழரை எடுத்தேன். அது யாருன்னு எங்க கிளாஸ்ல பாதிப்பேர் கேட்டாங்க. போன பிறவியில் எட்டுக்கால் பூச்சியாக இருந்தவர்னு சொன்னதும் ஒரே சிரிப்பு.

எனக்கு அவரைத் தெரிந்ததே எங்க வீட்டு ஒட்டடையால்தான். போன பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிறதுக்கு முன்னாடி அம்மா ஒட்டடைக் குச்சியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். எங்க வீடு ஓட்டு வீடு. மூலைக்கு மூலை நூலாம்படை தொங்கும். சாமி படத்துக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி நின்றது. வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக, வட்டமாக எதையோ பிடித்துக்கொண்டு இருந்தது. நான் பயத்தில் குச்சியால் ஓங்கி அடித்துவிட்டேன். கீழே விழுந்த பிறகுதான் அந்த வெள்ளை முட்டைப் பை என்று தெரிந்தது. அப்பத்தா பார்த்துவிட்டு என்னிடம் ரொம்ப நேரம் பேசவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான் இந்தக் கதையைச் சொன்னது. அதுக்கப்புறம் நான் லைப்ரரியில் பெரியபுராண வசனப் புத்தகம் எடுத்துப் படித்தேன்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதியது பெரியபுராணம். அதில் வரும் அறுபத்து மூன்று நாயன்மார்களில் கோச்செங்கட்சோழரும் ஒருவர். காவிரிக் கரையில் திருவானைக்கா என்ற இடத்தில் ஒரு வெண்நாவல் மரத்தடியில் சிவலிங்கம் இருந்தது. அப்போது கூரை கிடையாது. ஒரு வெள்ளை யானை தினமும் துதிக்கையில் தண்ணீரும் பூவும் கொண்டுவந்து பூசை செய்தது. அதே மரத்தில் ஒரு சிலந்தி. காய்ந்த இலை சாமி மேல் விழுகிறதே என்று அது லிங்கத்துக்கு மேலே பந்தல் மாதிரி வலை கட்டியது. யானை வந்து பார்த்தது. சாமி தலைக்கு மேல் ஒட்டடையா என்று துதிக்கையால் துடைத்துப் போட்டது. சிலந்தி திரும்பக் கட்டியது. யானை திரும்பத் துடைத்தது. ஒரு நாள் சிலந்திக்குக் கோபம் தாங்கவில்லை. துதிக்கைக்குள் புகுந்து கடித்துவிட்டது. வலியில் யானை துதிக்கையைத் தரையில் அடித்தது. யானையும் செத்தது, சிலந்தியும் செத்தது.

இதில் யார் மேல் தப்பு என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். சிலந்திக்கு அது பந்தல். யானைக்கு அது குப்பை. ரெண்டுமே சாமிக்காகத்தான் செய்தன. யானை ஒரு தடவை நின்று பார்த்திருக்கலாம். சிலந்தியும் கடிக்காமல் இருந்திருக்கலாம். குச்சியோடு நின்ற அன்றைக்கு நான் யானை மாதிரிதான் இருந்தேன்.

அந்தச் சிலந்தியைச் சிவபெருமான் சோழர் குலத்தில் பிறக்க வைத்தாராம். சுபதேவர் என்ற ராஜாவுக்கும் கமலவதி என்ற ராணிக்கும் பிள்ளை இல்லை. சிதம்பரம் போய் வேண்டி இருந்த பிறகு ராணி கர்ப்பமானார். வலி எடுத்த நேரத்தில் சோசியர்கள், இன்னும் ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை மூன்று உலகத்தையும் ஆளும் என்றார்கள். ஒரு நாழிகை என்றால் 24 நிமிஷம். நமக்குப் பாதிப் பீரியடுக்குக் கொஞ்சம் கூட. ராணி தன் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடச் சொன்னார். அந்த நாழிகை கழித்துப் பிறந்த பிள்ளைக்குக் கண் இரண்டும் சிவந்து இருந்தது. ராணி அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் செங்கண் ராஜா என்று அழைத்தார். கோ என்றால் ராஜா. அதோடு ராணியின் உயிர் போய்விட்டது. இந்த இடத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா அந்தச் சோசியனைத் திட்டினார்கள்.

பிள்ளை வளர்ந்து பட்டத்துக்கு வந்தார். முதல் வேலையாக அந்த நாவல் மரத்தடிச் சாமிக்குக் கோயில் கட்டினார். பிறகு சோழநாட்டில் நிறைய ஊர்களில் கட்டினார். எழுபது மாடம் கட்டியதாகத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். வைகல், அம்பர், நன்னிலம் கோயில்கள் அவர் கட்டியவை என்று தேவாரத்திலேயே வருகிறது. திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டுக்காரர். அவரே பாடியிருப்பதால் சோழர் அதற்கும் முன்னால் இருந்தவர். இந்தக் கோயில்களுக்கு மாடக்கோயில் என்று பேர். உயரமான மேடை மேல் சாமி இருப்பார். யானை ஏற முடியாதபடி படியும் வாசலும் இருக்கும். போன பிறவிக் கோபம் இந்தப் பிறவியிலும் போகவில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது நாங்கள் திருவானைக்காவும் போனோம். சன்னதி வாசல் அவ்வளவு சின்னது. குனிந்துதான் போகணும். எங்க சித்தப்பா மறந்துபோய் நிமிர்ந்து, தலையில் இடித்துக்கொண்டார். அது பஞ்சபூதத் தலங்களில் நீர்த்தலம். லிங்கத்துக்கு அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். நான் மட்டும் மேலே வலை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். ஒண்ணும் இல்லை, சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. அதை அப்பத்தா சொல்லவில்லை, தமிழ் ஐயா சொன்னார். செங்கணான் என்ற சோழன் சேர அரசன் கணைக்கால் இரும்பொறையோடு சண்டை போட்டு, அவனைப் பிடித்துக் குடவாயில் கோட்டத்தில் சிறை வைத்தான். இந்தச் சோழனும் நாயன்மாரும் ஒருவரே என்று பலர் சொல்கிறார்கள். வேறு ஆள் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சிறையில் சேரனுக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் கேட்டான். காவல்காரர்கள் மதிக்காமல் நேரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மானம் போன பிறகு இந்தத் தண்ணீர் எதற்கு என்று குடிக்காமல், ஒரு பாட்டு எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போனான். அந்தப் பாட்டு புறநானூற்றில் 74ஆவது. அவனை மீட்கத்தான் பொய்கையார் களவழி நாற்பது பாடினார் என்பார்கள். அந்த நூலைப் புரட்டினால் சண்டையில் விழுந்து கிடக்கிற யானைகளாகவே வருகிறது.

இரண்டு பேரும் ஒருவர் என்றால், தண்ணீர் ஊறும் இடத்தில் கோயில் கட்டினவர் சிறையிலேயே ஒருத்தர் தண்ணிக்குத் தவித்திருக்கிறார். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம். அப்பத்தாவிடம் கேட்டேன். பூச்சியாக இருந்தபோது பட்டதை ராஜா ஆனதும் மறந்திருப்பார் என்று சொல்லிவிட்டு வெத்திலை இடிக்கப் போய்விட்டது.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் சுவாமி சன்னதிப் பிராகாரத்தில் அறுபத்து மூவர் வரிசையாக இருக்கிறார்கள். அடுத்த தடவை போகும்போது இவரையும் தேடிப் பாருங்கள்.

அறிவியல் டீச்சரிடம் என் பூச்சியைப் பற்றியும் கேட்டேன். எட்டுக்கால் பூச்சி பூச்சியே இல்லையாம். பூச்சிக்கு ஆறு கால்தான். நான் அடித்த ஜாதி, இரை பிடிக்க வலை கட்டாது. ராத்திரி சுவரில் ஓடிக் கரப்பான் பிடித்துத் தின்னும். முட்டைப் பையைக் குஞ்சு பொரிக்கும்வரை அம்மாச் சிலந்தி கூடவே சுமக்குமாம். அதுக்கப்புறம் எங்க வீட்டில் கரப்பான் கூடிப்போச்சா என்று கேட்காதீர்கள், நான் எண்ணவில்லை.

இப்போதும் ஒட்டடை அடிக்கிறேன், அடிக்காவிட்டால் அம்மா விடமாட்டார்கள். முதலில் குச்சியின் நுனியால் மெதுவாகத் தட்டுவேன். அது ஓட்டு இடுக்குக்குள் ஓடின பிறகுதான் வலையை எடுப்பேன். சாமி படத்துக்குப் பின்னால் மட்டும் குச்சியே விடுவதில்லை. அங்கே மறுபடி ஒன்று வந்திருக்கிறது.

இந்தச் சுவர்ப் பத்திரிகைப் பலகைக்குப் பின்னாலும் வலது ஓரத்தில் ஒன்று இருக்கிறது. அடுத்த மாதம் தாளை மாற்றுகிறவர்கள் பார்த்து எடுங்கள்.