விடுபட்ட ஓர் எண்

பன்னிரண்டு என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு தம்மினும் சிறிய எண்கள் அனைத்தையும் காரணிகளின் தொகையால் விஞ்சி நிற்கும் எண்களுக்கு இலக்கணம் வகுத்தவர் கணிதமேதை சீனிவாச இராமானுசன்.

1887ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து குடந்தையில் வளர்ந்த அவருக்குக் கணிதம் ஒன்றே உயிர்மூச்சாயிற்று. ஏனைய பாடங்களில் நாட்டம் செல்லாமையால் குடந்தை அரசினர் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் தேர்வில் தேறினாரல்லர். பட்டமில்லா இளைஞராய்ப் பலகையில் எழுதுவதும் முழங்கையால் அழிப்பதுமாய் ஆய்வைத் தொடர்ந்தார். 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் திங்கள் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு எழுதிய மடல் அவர் வாழ்வைத் திசைதிருப்பியது. 1914இல் அவர் கடல் கடந்தார்.

உலகப் போர் மூண்டிருந்த 1915இல், இலண்டன் கணிதவியற் கழகத்தின் இதழில் அவ்வெண்கள் பற்றிய நெடுங்கட்டுரை வெளிவந்தது. அதில் அவர் தந்த அட்டவணையின் இறுதி எண் 67,46,32,83,88,800. இதன் காரணிகள் 10,080. இதனைப் பகா எண்களின் பெருக்கமாகப் பிரித்தால், 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியன ஒவ்வொரு முறையும் வரும். பகா எண் பெரிதாகப் பெரிதாக, அது வரும் முறை ஏறுவதே இல்லை. இவ்வகை எண்கள் அனைத்துக்கும் இவ்வொழுங்கு பொருந்தும் என்பதை அவர் மெய்ப்பித்தார்.

எனினும், கையாற் கணித்த அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. 2,93,31,86,25,600 என்பதே அது. அதன் காரணிகள் 5,040. வியப்பு யாதெனில், விடுபட்ட அவ்வெண்ணை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது அட்டவணையின் இறுதி எண்ணே. காரணிகளும் சரியாக இருமடங்காகின்றன.

தாயகத்துத் தேர்வுகள் அவர் விட்டவற்றையே எண்ணின. கேம்பிரிட்சோ அவர் கண்டவற்றை எண்ணியது. 1916 மார்ச்சுத் திங்களில் இவ்வாய்வுக்காகவே அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது. குடந்தையிலும் சென்னையிலும் கைகூடாத பட்டம், ஓர் எண் விடுபட்ட ஏட்டின் வழியே வந்து சேர்ந்தது. 1918இல் அரச கழக உறுப்பினர் என்னும் பெருமையும் அவரை நாடி வந்தது.

அதற்குள் நோய் அவர் உடலைப் பற்றியிருந்தது. 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார், அகவை முப்பத்திரண்டே. நோய்ப்படுக்கையிலும் அவர்தம் எழுதுகோல் ஓயவில்லை. போர்க்காலப் பொருள்முடையால் கழகம் அச்சிடாது விட்ட அக்கட்டுரையின் எஞ்சிய பகுதி, 1997இல் அறிஞர்தம் குறிப்புகளோடு அச்சேறியது. விடுபட்டதும் உரிய இடத்தை அடைந்தது.