தொண்டுக்குக் கல்விக்கூடம் கண்ட அம்மையார்

முன்னுரை

போடிநாயக்கனூருக்கு மேற்கே ஓங்கி நிற்கும் ஏலமலை, பொழுது புலரும் முன்னரே நம் ஊர்ப் பெண்களைத் தன்பால் அழைத்துக்கொள்கின்றது. ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, போடிமெட்டு மலைப்பாதையின் வளைவுகளைக் கடந்து, ஏலத் தோட்டங்களில் காயெடுக்கச் செல்லும் அவர்கள் அந்தி சாய்ந்த பின்னரே இல்லம் திரும்புகின்றனர். அவர்களுள் கணவனை இழந்தோர் உளர்; வறுமையால் பிள்ளையின் படிப்பை இடையில் நிறுத்தியோரும் உளர். ரமலான் திங்களில் இத்தகையோர்க்கு நம் செல்வர்கள் ஜகாத் வழங்குகின்றனர். சென்ற ஆண்டு வரிசையில் நின்ற அதே தாய் இவ்வாண்டும் நிற்கக் காண்கின்றோம். கொடுத்தவர் மனத்தில் குறையில்லை. ஆயினும் அத்தாயின் நிலை ஏன் மாறவில்லை?

இவ்வினாவை எழுப்பவும், முறையாக விடை தேடவும் கற்பிக்கும் துறையே சமூகப்பணி. அத்துறைக்குச் சென்னையில் 1952ஆம் ஆண்டிலேயே ஒரு கல்விக்கூடம் கண்டவர் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார். அப்பெருமாட்டியின் வாழ்வை நம் மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இல்லறமும்

அம்மையார் 1909ஆம் ஆண்டு நீலமலையின் உதகமண்டலத்தில் பார்சி குடும்பமொன்றில் பிறந்தார். பார்சிகள் சென்னை மாகாணத்தில் மிகச் சிறிய சமூகத்தினர். சில நூறு பேரே வாழ்ந்தனர். சென்னையில் கல்வி பயின்ற அவருக்குப் பதினெட்டாம் வயதில் நோகி கிளப்வாலா என்பாருடன் திருமணம் நடந்தது. 1930இல் குஸ்ரோ என்னும் ஆண்மகவு பிறந்தது. ஆனால் 1935இல் கணவர் நோயுற்று மறைந்தார். இருபத்தாறு வயதளவில் ஐந்து வயதுச் சிறுவனுடன் அவர் தனித்து நின்றார்.

துயரில் விளைந்த தொண்டு

கைம்மை நோன்பு பெண்ணை வீட்டு மூலையில் ஒடுக்கிய காலம் அது. அம்மையாரோ தம் துயரைப் பிறர் துயர் துடைக்கும் வழியாக மாற்றிக்கொண்டார். சென்னையின் ஆங்கிலத் திருச்சபைப் பேராயரின் துணைவியார் வாலர் அம்மையார் 1923இல் தொடங்கிய கில்டு ஆஃப் சர்வீஸ் என்னும் தொண்டு மன்றத்தில் அவர் சேர்ந்தார். ஆதரவற்ற குழந்தைகள், எழுத்தறிவற்ற பெண்கள், உடற்குறையுற்றோர் என அம்மன்றம் அரவணைத்தோர் பலர். கிறித்தவப் பெண்மணி தொடங்கிய மன்றத்தைப் பார்சிப் பெண்மணி வளர்க்க, எல்லாச் சமயத்து ஏழையரும் அதன் நிழலில் இளைப்பாறினர்.

இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் இந்தியப் படைவீரர்க்கென விருந்தோம்பல் குழு ஒன்றை அம்மையார் அமைத்தார். நடமாடும் சிற்றுண்டிச் சாலைகள் வீரர்களைத் தேடிச் சென்றன. மருத்துவமனைகளில் காயமுற்றுக் கிடந்தோர்க்கு மகளிர் ஆறுதல் கூறினர். பர்மாப் போர்முனையில் வென்ற பதினான்காம் படை, நன்றியின் அடையாளமாகச் சப்பானிய வாள் ஒன்றை அவருக்கு அளித்தது. பின்னாளில், சமூகத் தொண்டில் ஈடுபாடு கொண்ட படை அதிகாரி சந்திரகாந்த் ஜாதவ் என்பாரை அவர் மறுமணம் புரிந்துகொண்டார். கைம்பெண் மறுமணத்தை இஸ்லாம் தொடக்கம் முதலே ஏற்றிருப்பதை அறிந்த நமக்கு இம்முடிவின் நேர்மை எளிதில் விளங்கும்.

சமூகப்பணிப் பள்ளி

தொண்டு நிலையங்கள் பெருகப் பெருக, அவற்றை நடத்தப் பயிற்சி பெற்றோர் வேண்டும் என்ற தேவையும் பெருகிற்று. இரக்கம் உள்ளவர்க்கெல்லாம் அனாதைச் சிறுவனின் மனத்தை அறியும் திறம் வாய்த்துவிடுவதில்லை. உலகின் பிற பகுதிகளும் இதனை உணர்ந்திருந்தன. நியூயார்க்கில் 1898இல் கோடைக்கால வகுப்பாகத் தொடங்கிய பயிற்சியே பின்னர்ப் பெரிய கல்விக்கூடமாக வளர்ந்தது. நம் நாட்டில் 1936இல் தொராப்ஜி டாடாவின் அறக்கொடையால் பம்பாயில் சமூகப்பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளி எழுந்தது; இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுவே.

அவ்வழியில், கில்டு ஆஃப் சர்வீஸ் மன்றமும் இந்திய சமூகப்பணி மாநாட்டின் சென்னைக் கிளையும் துணைநிற்க, 1952இல் அம்மையார் சென்னை சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார். அது பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. சமூகப்பணியை வகுப்பறையில் அமர்ந்து கற்காத ஒருவர், அடுத்த தலைமுறை அதனைக் கற்றே செய்யட்டும் என வாயில் திறந்துவைத்த பெருமை இதில் அடங்கியுள்ளது.

இக்கல்வி இரண்டாண்டு முதுகலைப் படிப்பு. எத்துறையில் இளங்கலைப் பட்டம் பெற்றவரும் இதில் சேரலாம் என்பது பொதுவான நடைமுறை. தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கும் தடையில்லை. தனிமனிதரின் சிக்கலை ஆராய்தல், குழுவாக மக்களை இணைத்தல், ஊரையே ஒருங்கு திரட்டுதல், நலநிறுவன நிருவாகம், ஆய்வுமுறை ஆகியன பாடங்கள். இதன் உயிர்நாடியோ களப்பணி. மாணவர் வாரத்தில் சில நாள் மருத்துவமனைக்கோ, குழந்தைகள் இல்லத்திற்கோ, குடிசைப் பகுதிக்கோ செல்ல வேண்டும். கண்டதையும் செய்ததையும் எழுதி ஆசிரியரின் திருத்தத்திற்கு வைக்க வேண்டும். தாம் நல்லது செய்ததாக எண்ணிய இடத்தில் பிழை செய்திருப்பதை அங்கே அறிகின்றனர். பணிவைக் கற்பிக்கும் படிப்பு இது.

ஏலமலைச் சரிவில் இக்கல்வி

ஜகாத் வரிசையில் நின்ற அத்தாயை இப்போது நினைவுகூர்வோம். சமூகப்பணி பயின்றவர் முதலில் அவர் சொல்வதைச் செவிமடுப்பார். விதவையர் உதவித்தொகை கிடைக்கின்றதா, தடைப்பட்டிருப்பின் எந்தச் சான்று இல்லை என வினவுவார். உறைவிடம் தமிழகத்தில், உழைப்பிடம் கேரளத்தில் என வாழ்பவர்க்கு எந்த அலுவலகத்தை அணுகுவது என்பதே பெருங்குழப்பம். தாய் மலையேறிய பின் குழந்தையைக் காப்பவர் யார், மகள் பள்ளியை விட்டது எதனால் என்றும் அறிவார். ஒருமுறை அளிக்கும் உதவி நிலைத்த வாழ்வாக மாறும் வழி இத்தகைய வினாக்களில்தான் தொடங்குகின்றது.

வேலைவாய்ப்பு உண்டா என்னும் பெற்றோரின் ஐயமும் நியாயமானதே. முந்நூறோ அதற்கு மேலோ தொழிலாளர் பணிபுரியும் தோட்டங்களில் நல அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும் என 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆலைகள், மருத்துவமனைகள், குழந்தைகள் நல அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றிலும் இப்பட்டதாரிகளுக்கு இடமுண்டு. தொண்டு செய்யப் பட்டம் எதற்கு என வினவும் பெரியோர்க்கு ஒன்று கூறலாம். நோயாளிமீது அன்பிருப்பதால் மட்டுமே எவரும் மருத்துவராகிவிடுவதில்லை. அன்பில்லாத படிப்போ அறிக்கை எழுதுவதோடு நின்றுவிடும். இரண்டும் இணைய வேண்டும்.

முடிவுரை

அம்மையார் 1956இல் சென்னையின் ஷெரீப்பாக விளங்கினார். 1955இல் பத்மஸ்ரீ, 1968இல் பத்மபூஷண், 1975இல் பத்மவிபூஷண் ஆகிய விருதுகளை அரசு அளித்துச் சிறப்பித்தது. அந்த 1975ஆம் ஆண்டிலேயே அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் கண்ட கல்விக்கூடமோ ஆண்டுதோறும் பட்டதாரிகளை உருவாக்கி வருகின்றது. சென்னைக்குச் செல்ல இயலாதோர்க்கு நம் அண்டை மாநகரான மதுரையிலேயே இப்படிப்பு உண்டு.

நீலமலையில் பிறந்த ஒரு பெண்ணின் கண்ணீர் ஒரு கல்விக்கூடமாயிற்று. ஏலமலையின் அடிவாரத்தில் வாழும் நாம் என் செய்யப் போகின்றோம்? யதீமாக வளர்ந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிநடப்போர் நாம். ஆதரவற்றோர் நலம் நமக்குக் கடமை. மாணவச் செல்வங்கள் இக்கல்வியை நாட வேண்டும். ஜமாஅத்துப் பெரியோர் ஆண்டுக்கு ஒருவரையேனும், குறிப்பாக மலைக்கு வேலைக்குச் செல்லும் குடும்பத்துப் பெண்மகள் ஒருத்தியையேனும், இப்படிப்பிற்கு அனுப்பி ஆதரிக்க வேண்டும். அவள் கற்றுத் திரும்பும் நாளில், நம் ஜகாத் வரிசையில் ஒரு தாயேனும் குறைவாள். வல்ல இறைவன் அருள் புரிவானாக!