கற்பிட்டி சைமன் காசிச்செட்டியார்

புத்தளத்துக் களப்பைக் கடலினின்றும் பிரிக்கும் நிலமுனையிலுள்ள கற்பிட்டியில், 1807-ஆம் ஆண்டு பிறந்தவர் சைமன் காசிச்செட்டியார். அரசாங்க சேவையிற் புகுந்து, 1838-இல் சட்டநிரூபண சபை அங்கத்தவராகிப் பின்னர்ச் சிலாபத்தில் நீதிபதியாய் விளங்கினார். கிறிஸ்தவராயினும், புலவர் சரிதங்களைத் தேடுவதிற் சமயபேதம் பாராட்டினாரல்லர்.

அக்காலத்திலே அச்சரிதங்கள் ஏடுகளிலும் செவிவழிக் கதைகளிலும் சிதறிக் கிடந்தன. ஏடுகள் செல்லுக்கு இரையாயின. கதைகள் அறிந்தோருடன் மறைந்தன. செட்டியாரோ தொகுத்தவற்றை அகராதி முறையில் நிரைப்படுத்தி அச்சேற்றினார். 1834-இல் இலங்கை ஊர்களின் விவரநூல் வெளிவந்தது. 1859-இல் 'தமிழ் புளூட்டாக்' என்னும் புலவர் சரிதநூல் யாழ்ப்பாணத்திலே ஆங்கிலத்தில் அச்சாயிற்று. மறுவருடமே அவர் தேகவியோகமாயினார். சிறிது தாமதித்திருப்பின் அவ்வுழைப்பு யாதாயிருக்குமோ! அந்நூலே 1886-இல் ஆணல்ட் சதாசிவம்பிள்ளை தமிழில் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகத்துக்கும் துணையாயிற்று.

ஆசிரியன்மார்களே! நம் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் உள்ள சிறிய ஏட்டுத் தொகுதிகளுக்கும் இதுவே நெறி. சேர்ப்பது இன்னதென எல்லை வகுத்தல், சேர்த்தவற்றுக்கு வரிசையான அட்டவணை எழுதுதல், காலந் தாழ்த்தாது பிரதிசெய்து வெளியிடுதல் என்னும் மூன்றும் பொருள் குறைந்தோர்க்கும் இயல்வனவாம். நாளை பார்ப்போமென்று பெட்டியில் வைத்த ஏட்டைச் செல்லுப் பார்த்துக்கொண்டிராது.