தறித்த மரத்தில் வண்டு தேடிய வொலஸ்

1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் இறங்கியபோது அல்பிரட் ரசல் வொலஸுக்கு 31 வயது. பணக்கார வீட்டுப் பிள்ளையல்ல. பூச்சியும் பறவையும் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பி விற்பதுதான் பிழைப்பு. அமேசன் காடுகளில் நான்கு வருடம் அலைந்து சேர்த்ததில் பெரும்பகுதி, 1852இல் நடுக்கடலில் கப்பலோடு எரிந்துபோயிருந்தது.

நகரத்துக்கு வெளியே புக்கிட் திமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாருடன் தங்கி, காட்டுக்குள் நடந்தார். சுமார் இரண்டு மாதத்தில், பெரும்பாலும் ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுத் துண்டில், 700 வகை வண்டுகள்!

இந்த எண்ணிக்கையை எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு உறுத்துவது அதன் காரணம். அங்கே சீனத் தொழிலாளர்கள் மரம் தறித்துப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். விழுந்த மரமும் பட்டையும் மரத்தூளும்தான் வண்டுகளை இழுத்தன. காடு விழ விழ அவருடைய பெட்டி நிறைந்தது. சராசரியாக நாளுக்கொரு சீனர் புலிக்கு இரையாவதாகவும் அவர் எழுதிவைத்தார். வண்டுகளுக்குப் பெயர் கிடைத்தது. மரம் தறித்தவர்களின் பெயரை அவருடைய புத்தகத்தில் காணோம்.

1858இல் டார்வினுக்கு அனுப்பிய கட்டுரை அவரைப் புகழாளராக்கியது. அந்தக் கதை தெரிந்ததுதான். நான் மதிப்பது 1878இல் வெளிவந்த அவருடைய நூலை. கோப்பிக்காக இலங்கையின் மலைக்காடுகளை அழித்தால் மழை மண்ணை அரித்துச் செல்லும், நாடு வறுமைப்படும் என்று அதில் எச்சரித்தார். அந்தக் கோப்பித் தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்தவர்கள், மலையகத் தமிழரின் முன்னோர்.

வொலஸ் 1913இல், 90 வயதில் காலமானார். அதற்குள் அந்த மலைகளில் கோப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது.